மலையாண்டி சார் எழுதிய புரோகிராம்

கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைவதற்கு மலையாண்டி சார் பதினொரு விதிகள் வகுத்து, பெயிண்டரை வைத்துத் தகரத்தில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார். செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே உரக்கப் பேசக் கூடாது. ஜலதோஷம் பிடித்தவர்கள் நான்கடி தள்ளி நிற்க வேண்டும். ஐந்தாவது விதி என்ன தெரியுமா? கம்ப்யூட்டருக்கு நேரெதிரே கால் நீட்டி உட்காரக் கூடாதாம். பதினொன்றையும் படித்து முடித்தாலும் அந்தச் சாமானை எப்படி ஓட்டுவது என்று ஒரு வார்த்தை இருக்காது. எழுதினவருக்குத் தெரிந்தால்தானே!

நான் பத்மாசினி. சிம்மக்கல்லில் அவர் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான்கு வருஷமாக டீச்சர். டைப்பிங் பரீட்சையில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் முதல் வகுப்பு. மலையாண்டி சார் கோச்சடைக்காரர். அப்பா காலத்து வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பன்னிரண்டு டைப்ரைட்டர்களோடு மாடியில் இன்ஸ்டிடியூட் வைத்தவர். தன்னைத் தானே பிரின்சிபால் என்று அழைத்துக்கொள்வார். நாங்களும் அழைக்க வேண்டும்.

எண்பத்தாறாம் வருஷம் சித்திரையில் அவருடைய மச்சினன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு நீள நோட்டுப் புத்தகம் அளவுக்குக் கறுப்புப் பெட்டி, மேலே நாற்பது ரப்பர் பித்தான். டி.வி.யில் சொருகினால் திரை வரும். நாம் எழுதியதைச் சேர்த்து வைக்கக் கேசட் போடுகிற டேப் ரெக்கார்டர் வேண்டும். ஒரே வாரத்தில் வாசல் போர்டில் ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்ற எழுத்து, இன்ஸ்டிடியூட் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஏறிவிட்டது.

வகுப்பு எப்படி நடக்கும் என்றால், எட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு வரிசையாக நிற்பார்கள். மலையாண்டி சார் ரெக்ஸின் உறையை மெதுவாக எடுப்பார். “இதான் கம்ப்யூட்டர். இதுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல” என்பார். பிள்ளைகள் பார்ப்பார்கள். அரை மணி நேரம் ஆனதும் உறையை மறுபடி மூடிவிடுவார். டைப்ரைட்டரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை துடைத்து மூடிய பழக்கம், பாவம், அவரை விடவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடுவார். உள்ளே அது புழுங்கிப் புழுங்கி, திரையில் கோடு கோடாக வாந்தி எடுக்கும். “சார், சூடு வெளிய போகணும் சார்” என்று நான் சொன்னால், “தூசி போனா யாரு பொறுப்பு, நீயா?” என்பார்.

கூடவே வந்த புத்தகத்தை அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி எந்த டப்பாவில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மத்தியான வேளையில் அவர் சாப்பிடக் கோச்சடைக்குப் போனதும் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நான் கற்றதெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். வேறு நேரத்தில் முடியாது. எதிரே மாவு மில். அவன் மோட்டாரைப் போட்டால் கரண்ட் ஒரு குதி குதிக்கும், இங்கே திரை வெள்ளையாகி, எழுதினது அத்தனையும் போய்விடும். மாவு மில்காரனும் மத்தியானம்தான் சாப்பிடுவான். அவன் வயிற்றை நம்பித்தான் என் படிப்பு.

அந்தத் தகரத்தில் எழுதியிருக்க வேண்டியதை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பத்து வரி எழுதினால் உடனே கேசட்டில் ஏற்று. ஏற்றும்போது காது வயரைப் பிடுங்கிவிடு, மைக் வயர் மட்டும் இருக்கட்டும். கேசட்டிலிருந்து திரும்ப இறக்கும்போது சத்தத்தை ஆறரையில் வை. ஆறில் வைத்தால் மெஷினுக்குக் காது கேட்காது, ஏழில் வைத்தால் மிரளும். டேப் ரெக்கார்டரில் நாடா உரசுகிற ஹெட்டை வாரம் ஒருமுறை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடை. எதையும் ஒரே கேசட்டில் வைக்காதே, இரண்டாவது காப்பி எடுத்து ஒளித்து வை. ஒவ்வொன்றையும் நான் ஒரு தடவை எல்லாம் தொலைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு கற்றேன்.

இப்படி ஐந்து மாதத்தில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு பஞ்சாலையில் நூற்றிருபது பேர் மூன்று ஷிஃப்டில் வேலை செய்தால், எந்த வாரம் யார் எந்த ஷிஃப்ட், வார லீவு யாருக்கு என்று கேட்டால், அது பட்டியல் போட்டுத் தரும். சும்மா பொழுதுபோகாமல் எழுதவில்லை. நாகமலைக்கு மேற்கே ஒரு பஞ்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்குகிறார்கள், சொந்தமாகப் புரோகிராம் எழுதத் தெரிந்த ஓர் ஆள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. நான் விண்ணப்பம் போட்டேன்.

எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். சேலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நல்ல குடும்பம்தான், எங்கள் பாஷை பேசுகிற எங்கள் ஜனம்தான். ஆனால் பெண் வேலைக்குப் போகக் கூடாது, மெஷின் கிஷின் எல்லாம் கூடவே கூடாது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் சண்டை போட்டு, அழுது, சாப்பிடாமல் இருந்து தீபாவளி வரை தவணை வாங்கியிருந்தேன். அதற்குள் நிரந்தர வேலை கிடைத்தால் இங்கே. இல்லையென்றால் தை மாதம் சேலத்தில் அடுப்படி.

விண்ணப்பத்தில் முகவரி இன்ஸ்டிடியூட் முகவரியாகக் கொடுத்தேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. மில்லிலிருந்து வந்த பதிலை மலையாண்டி சார் பிரித்துப் படித்துவிட்டார். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா பத்மா, நம்ம மெஷின்ல நீ என்னமோ எழுதியிருக்கியாம்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“பழகுறதுக்காக எழுதினது சார்.”

“விஜயதசமி அன்னைக்கு அவங்க ஆபீசரு நேருல வந்து பாக்குறாராம். அந்த நோட்டைக் குடு. இப்படிக் கோழி கிண்டுன மாதிரி இருந்தா யாரு மதிப்பா? நான் நீட்டா டைப் அடிச்சுத் தாரேன்.”

கொடுத்தேன். மெஷின் அவருடையது, அவர் கதவைச் சாத்தினால் நான் எதில் ஓட்டிக் காட்டுவது? இரண்டு நாள் கழித்து நோட்டு திரும்பி வந்தது. கூடவே நான்கு தாளில் என் புரோகிராம், ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், ஓரம் ஒதுக்கி, அழகாக. கடைசித் தாளின் அடியில் ‘ஆக்கம்: வெ. மலையாண்டி, பிரின்சிபால்’ என்று இருந்தது.

“என்ன சார் இது?”

“பொம்பளப் பிள்ளை பேரைப் போட்டா எடுபடாதும்மா. மில்லு வேலைன்னா நைட் ஷிஃப்ட்டெல்லாம் வரும். அந்த வேலைக்கு நானே போயிறலாம்னு இருக்கேன். நீ இங்க இன்ஸ்டிடியூட்ட பாத்துக்க. வார ஆபீசரு சிவனாண்டி யாருங்கிற? எங்க பெரியம்மா வழியில விசாரிச்சுட்டேன், எனக்கு மாப்ள முறை ஆகுது. சொல்லி அப்ளிகேஷன்ல பேரை மாத்திக்கிரலாம்.”

ஆபீசர் வரட்டும், மெஷின் முன்னால் உட்காரப் போவது நான்தானே, கேள்வி கேட்டால் பதில் சொல்லப் போவதும் நான்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நோட்டை மட்டும் அதன் பிறகு கைப்பையை விட்டு வெளியே எடுக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று எனக்கு லீவு. மறுநாள் விஜயதசமி காலை எட்டரை மணிக்குப் போய்க் கதவைத் திறந்தால், அடேயப்பா, கம்ப்யூட்டர் மாரியம்மன் தேர் மாதிரி நின்றது. டி.வி.க்கு மாலை. நாற்பது ரப்பர் பித்தானுக்கும் நாற்பது சந்தனப் பொட்டு, நாற்பது குங்குமம். சரி, துடைத்துக்கொள்ளலாம். டேப் ரெக்கார்டரைத் திறந்தேன். உள்ளே ஹெட்டின் மேல் ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது.

மலையாண்டி சாரின் சம்சாரம் சோலையம்மாள் சுண்டல் தட்டோடு பின்னால் வந்து நின்றார். அவர் நேர்மையான மனுஷி.

“நான் சொன்னேன்த்தா, உள்ளெல்லாம் வைக்காதீங்கன்னு. மொகத்துலதானே பொட்டு வைக்கணும், அதுக்கு அதான் மொகம்னுட்டாரு.”

“கேசட் எங்கக்கா?”

கேசட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கீழ்ப்பக்கம் நாடா வெளியே தெரிகிற திறப்பு இருக்கிறதல்லவா, அந்த நாடாவின் மேலேயே மூன்று விரலால் சந்தனப் பட்டை. மேலே குங்குமம். காய்ந்து நாடாவைச் சுருட்டிப் பிடித்திருந்தது. போகட்டும், இரண்டாவது காப்பியைப் பீரோவில் கார்பன் பேப்பர் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேனே என்று ஓடினேன். அதையும் கண்டுபிடித்திருந்தார் மகானுபாவர். ஒரு ஆயுதமும் விடுபட்டுவிடக் கூடாது என்று இன்ஸ்டிடியூட் முழுக்கத் தேடித் தேடி வைத்தாராம். அதற்கும் பட்டை.

ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து அரை மணி நேரம் துடைத்தேன். ஹெட் சுத்தமாயிற்று. நாடா வரவில்லை. போட்டால் கிர்ரென்று மூக்கால் அழுதது, மெஷின் தப்பு தப்பு என்றது. இனி நூற்று நாற்பது வரியையும் கையால் அடித்தால்தான் உண்டு. நோட்டு இருக்கிறது, மாவு மில் இன்று லீவு, முக்கால் மணி நேரம் போதும் என்று நாற்காலியை இழுத்தபோது, கீழே ஜீப் சத்தம் கேட்டது. ஆபீசர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

“வாங்க மாப்ள, வாங்க வாங்க!” என்று மலையாண்டி சார் படியிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

சிவனாண்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெட்ராஸில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய் வந்தவர் என்று கடிதத்தில் போட்டிருந்தது. “முறையெல்லாம் அப்புறம் பேசிக்கிருவோம் மாமா. முதல்ல மெஷினைக் காட்டுங்க” என்றபடி பதினொரு விதியையும் படித்துப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினார்.

“கேசட் கெட்டுப்போச்சு சார். நான் கையால அடிச்சுக் காட்டுறேன், முக்கால் மணி ஆகும்” என்றேன்.

“நீ எதுக்கு?” என்று மலையாண்டி சார் என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “எழுதுன ஆளு நான் இருக்கேன். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை மாப்ள, கை பாத்துக்கிட்டே இருக்கணும்.”

தன்னுடைய நான்கு தாளை டி.வி.யில் சாய்த்து வைத்தார். முதுகை நிமிர்த்தினார். மணிக்கட்டைத் தளர்த்தினார். பித்தானைப் பார்க்காமல் பத்து விரலாலும் அடிக்கத் தொடங்கினார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய டைப்ரைட்டர்களில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிப் பித்தான் கிடையாது. சின்ன ‘எல்’லை அடித்தால் அதுதான் ஒன்று. பூஜ்யம் வேண்டுமென்றால் பெரிய ‘ஓ’. தாளில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இருபத்தைந்து வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்து, அவர் விரலுக்கு வேறு ஒன்று கிடையாது, வேறு பூஜ்யம் கிடையாது. கம்ப்யூட்டர் என்ன, பரிதாபப்படுமா? புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண் உண்டு, முதல் வரியின் எண் பத்து. அவர் ‘எல்’லை அமுக்கினார். அந்தப் பித்தானுக்கு மெஷின் போட்டு வைத்திருக்கிற வார்த்தை ‘லெட்’. திரையில் ‘லெட்’ என்று வந்தது. அவர் பார்த்தால்தானே! பார்த்து அடிப்பவன் டைப்பிஸ்டே அல்ல என்பது அவர் கொள்கை.

டைப்ரைட்டர் மாதிரி வரி முடிந்ததும் மணி அடிக்கும் என்று காத்திருந்தார். அடிக்கவில்லை. இடது கை தானாக உயர்ந்து, இந்த மெஷினில் இல்லாத தாள் வண்டியைத் தள்ளப் போய், சோலையம்மாள் பக்கத்தில் வைத்த சுண்டல் தட்டை ஒரு தள்ளு தள்ளியது. தரையெல்லாம் கொண்டைக்கடலை. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே போனார். திரையின் அடியில் ‘லெட்’டும் குப்பையும் கேள்விக்குறியுமாக ஏறி நின்று மினுக்கியது. ஆபீசர் குனிந்து பார்த்தார்.

“மாமா, ஒரு வரிகூட உள்ள போகல.”

மலையாண்டி சார் நிமிர்ந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. ஒரு நிமிஷம்தான்.

“மெஷின்ல கோளாறு மாப்ள. இந்தப் பிள்ள நேத்து எதையோ நோண்டி வச்சிருச்சு.”

நேற்று நான் வரவே இல்லை! அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. ஒண்ணுக்குப் பதிலா இவரு எல் அடிக்கிறாரு, பூஜ்யத்துக்கு ஓ அடிக்கிறாரு. எழுதினவருக்கு இது தெரியாதா? இந்தப் புரோகிராம் நான் எழுதினது. அஞ்சு மாசம் எழுதினேன். அப்ளிகேஷன் போட்டதும் நான்தான்.”

“என்னம்மா வாய் நீளுது?” என்று எழுந்தார் மலையாண்டி சார். “கீழ யாரு பேரு போட்டிருக்கு, படி!”

ஆபீசர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். “மாமா, நூத்திப் பத்தாவது வரி என்ன செய்யுது?”

மலையாண்டி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை மேலும் கீழும் பார்த்தார். “அது முக்கியமான வரி மாப்ள.”

சோலையம்மாள் கடலை பொறுக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, “க்கும்” என்றார்.

“மூணாவது ஷிஃப்ட் முடிஞ்சவங்களை அடுத்த வாரம் முதல் ஷிஃப்ட்டுக்குத் திருப்புற வரி சார்” என்றேன் நான்.

“பாத்தீங்களா மாப்ள, நான் சொல்லிக்குடுத்தத அப்படியே ஒப்பிக்குது!”

நான் எதைச் சொன்னாலும் அது அவர் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். நான் அவரிடம் சம்பளம் வாங்குகிற டீச்சர். அவர் பிரின்சிபால், மெஷினுக்குச் சொந்தக்காரர், போதாக்குறைக்கு மாமா முறை. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்ளிகேஷன் யாரு பேருல இருந்தாலும், ரெண்டு பேரும் நான்தான் எழுதுனேங்கிறீங்க. நான் மில்லுல போயி என்னன்னு சொல்றது? ஏம்மா, உங்கிட்ட வேற ஏதாச்சும் இருக்கா?”

இருந்தது. கைப்பையில் அந்த நோட்டு. ஆனால் எடுக்கக் கை கூசியது. எங்கள் தொழிலில் ஓர் எழுத்தின் மேல் இன்னோர் எழுத்து விழுந்தால் மார்க் போச்சு. அதிகமாக விழுந்தால் தாளே போச்சு. ஓர் அடித்தலுக்காக எத்தனையோ பிள்ளைகளை நானே அழவிட்டிருக்கிறேன். இந்த நோட்டில் பக்கத்துக்குப் பத்து அடித்தல். முழுப் பக்கத்தைக் குறுக்கே கிழித்துப் போட்ட கோடுகள். மசி கொட்டினது, கண்ணீர் கொட்டினது எல்லாம் இருந்தது. சேலத்து அடுப்படியை நினைத்துக்கொண்டு எடுத்து நீட்டினேன்.

மலையாண்டி சார் அதை நடுவிலேயே பிடுங்கிக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இதைப் பாருங்க மாப்ள! எம்புட்டு அடித்தலு, எம்புட்டுத் திருத்தலு! இதுவா புரோகிராம் எழுதுன மூஞ்சி? லோயர் பெயிலாப் போறவன்கூட இப்படி எழுத மாட்டான். என் தாளையும் பாருங்க. இருபத்தஞ்சு வருச சர்வீசு, ஒரு தப்பு காட்டச் சொல்லுங்க, தொழிலையே விட்டுர்றேன்!”

ஆபீசர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தின் ஓரத்தில், ‘இதுவும் ஓடவில்லை’ என்று இருந்தது. அடுத்த பக்கத்தில், ‘லீவு இரண்டு பேருக்கு ஒரே நாளில் வருகிறது, ஏன்?’ அதற்கும் அடுத்ததில் தேதி போட்டு, ‘மாவு மில் சனியன், எல்லாம் போச்சு’ என்று பெரிய எழுத்தில் திட்டியிருந்தேன். அதைப் பார்த்தபோது அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

“மாமா, இதை எழுதையில நீங்க ஒரு தப்புக்கூடப் பண்ணலையா?”

“ஒண்ணுகூடப் பண்ணல மாப்ள! மூச்” என்று நெஞ்சில் கையை வைத்தார் மலையாண்டி சார்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். “இதுல இருக்கிற இம்புட்டுத் தப்பும் யாரு பண்ணுனது?”

நான்கு வருஷம் சிவப்பு மசியால் மற்றவர் தப்பை வட்டம் போட்ட கை என்னுடையது. இருந்தாலும் சொன்னேன்.

“நான்தான் சார். அத்தனையும் நானே பண்ணினது.”

அவர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். மலையாண்டி சாரின் நான்கு தாளையும் மடிப்புக் கலையாமல் அவரிடமே நீட்டினார்.

“நாற்காலிய விட்டு நகருங்க மாமா, அவங்க உக்காரட்டும்” என்றார். பிறகு என்னிடம், “அடிச்சு ஓட்டிக் காட்டுங்க, பாத்துட்டே போறேன். திங்கக்கிழமை காலையில ஏழரைக்கு மில்லு பஸ்சு காளவாசல்ல நிக்கும், ஏறிக்கங்க. வாரப்ப அந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க” என்றார்.